ஜெனரேட்டரில் ஹீட்டரா, ஃபர்னஸ் ஃபேனா?

ஊரில் கரண்ட் போனால் ஃபேன் ஓட இன்வெர்ட்டர் வாங்கி வைப்போம். டொரான்டோவில் ஜனவரியில் கரண்ட் போனாலும் ஓட வேண்டியது ஒரு ஃபேன்தான்: பேஸ்மென்ட்டில் கேஸை எரித்து வீடு முழுக்கச் சூடான காற்றை அனுப்பும் ஃபர்னஸின் ஃபேன். ஆனால் பலரும் முதலில் ரூம் ஹீட்டரைத்தான் ஜெனரேட்டரில் செருகப் பார்க்கிறார்கள்.

ஒரு ரூம் ஹீட்டர் 1500 வாட் இழுக்கும். ஓர் அறை சூடாகும், அவ்வளவுதான். மணிக்கு 60,000 பிடியு (வெப்ப அளவு) ஃபர்னஸ் எரியும்போது வரும் வெப்பம் சுமார் 17 கிலோவாட். அதற்கு மின்சாரமாகக் கேட்பதோ 500, 600 வாட். மற்றதைக் குழாயில் வரும் கேஸ் பார்த்துக்கொள்ளும். (வீடு முழுக்க, சுவரடியில் பொருத்திய பேஸ்போர்டு மின் ஹீட்டர் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. தூக்கிச் செல்லும் ஜெனரேட்டரால் ஓரிரண்டு அறையைத்தான் சமாளிக்க முடியும்.)

சரி, எந்த ஜெனரேட்டர்? 5000 வாட் மெஷின் ஃபிரிட்ஜையும் சேர்த்து இழுக்கும். ஆனால் பாதிச் சுமையில் மணிக்கு 2 லிட்டர் பெட்ரோலாவது குடிக்கும். தெருவே கேட்கும்படி கத்தும். 2013 டிசம்பர் உறைமழையில் டொரான்டோவில் சுமார் 3 லட்சம் இணைப்புகளில் கரண்ட் போனது. சில வீடுகளுக்குத் திரும்ப வர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அப்படி ஒரு வாரம் பெட்ரோலுக்கு எங்கே போவது? கரண்ட் இல்லாவிட்டால் பெட்ரோல் பங்கும் ஓடாதே. ஹோண்டா இயு2200ஐ மாதிரிச் சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் தொடர்ந்து 1800 வாட் தரும். கால் சுமையில் 3.6 லிட்டரில் 8 மணி நேரம் ஓடும். என் ஓட்டு இதற்கே.

ஒரு சிக்கல் உண்டு. இந்தச் சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது. எக்ஸ்டென்ஷன் கேபிளில் நேரடியாகக் கொடுத்தால் ஃபர்னஸ் பற்றும், சில நொடியில் அணையும், மறுபடி பற்றும், கடைசியில் பற்றாமலே பூட்டிக்கொள்ளும். சுடர் இருப்பதை அறியும் சென்சாரின் சின்ன மின்னோட்டத்துக்குத் திரும்பும் வழி இல்லாததே காரணம். ஜெனரேட்டரின் காலி சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் பிளக் ஒன்றைச் செருகினால் தீரும். எலெக்ட்ரீஷியன் வைத்த, நியூட்ரலைத் துண்டிக்காத மாற்று சுவிட்ச் (லைனுக்குப் பதில் ஜெனரேட்டருக்கு மாற்றிவிடுவது) வழியாகப் போனால் இந்தப் பிளக் வேண்டாம், செருகவும் கூடாது. இரு முனையிலும் ஆண் பிளக் உள்ள கேபிளை, துணி உலர்த்தும் டிரையரின் சாக்கெட்டில் செருகி வீட்டுக்கே கரண்ட் ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். அது தெருக் கம்பிக்கும் பாயும். வெளியே கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனின் உயிரோடு அது விளையாட்டு.

எந்த ஜெனரேட்டரானாலும் வீட்டிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, புகை வீட்டுப் பக்கம் வராதபடி வையுங்கள். கராஜுக்குள் வைத்தால், கதவைத் திறந்து வைத்தாலும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வீட்டுக்குள் வரும்.

அப்புறம் பேட்டரி பவர் ஸ்டேஷன், அதாவது சாக்கெட் வைத்த பெரிய பேட்டரிப் பெட்டி. 2 கிலோவாட் மணி கொண்டது, ஃபர்னஸ் பாதி நேரம் ஓடினால், ஆறேழு மணி நேரம் தாங்கும். நீண்ட தடைக்குப் போதாது. ஆனால் புகையில்லை, ஃபர்னஸ் பக்கத்திலேயே வைக்கலாம். பகலில் ஜெனரேட்டரில் ஏற்றிக்கொண்டால், ராத்திரி 2 மணிக்குப் பனியில் இறங்கிப் பெட்ரோல் ஊற்றும் வேலை இல்லை.