பேரப்பிள்ளையோடு இயற்கைப் பயணம்: குழுவாகவா, ஓரிட முகாமா, மலைநடையா?

பேரப்பிள்ளையை இயற்கையின் நடுவே ஒரு கல்விச் சாகசப் பயணத்துக்கு அழைத்துச் செல்ல நினைக்கும் தாத்தா பாட்டிக்கு முன்னே பெரும்பாலும் மூன்று வழிகள் உள்ளன: இரு தலைமுறையினருக்காகவே வகுக்கப்பட்ட குழுப் பயணத்தில் சேர்வது, ஓரிடத்தில் கூடாரமடித்தோ குடில் எடுத்தோ சில நாள் தங்குவது, இடம்விட்டு இடம் நகரும் மலைநடையில் இறங்குவது. செலவையும் வசதியையும் வைத்து இவற்றை ஒப்பிடுவதில் தவறில்லை. ஆனால், பிள்ளை கற்பதோடு நில்லாமல் பெரியவருக்கும் எதையாவது காட்டித்தர எந்த வழி இடம் கொடுக்கிறது என்பதே என் கணக்கில் முதல் கேள்வி.

குழுப் பயணத்தின் பலம் அதன் ஆயத்தம். 1975-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், முதியோர் கல்லூரி விடுதிகளில் தங்கிப் பயிலும் திட்டமாக எல்டர்ஹாஸ்டல் என்ற பெயரில் தொடங்கி, 2010 முதல் ரோடு ஸ்காலர் என்று அறியப்படும் இலாப நோக்கற்ற அமைப்பு, தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து செல்லும் பயணங்களையும் நடத்துகிறது. எந்த வயதுப் பிள்ளைக்கு எந்தப் பயணம், எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும் என்பவற்றை இத்தகைய பயணங்களில் முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம். பாறையைப் பற்றியோ பறவையைப் பற்றியோ பிள்ளை கேட்டால் விவரமறிந்தவர் பதில் சொல்வார். பெரியவருக்கு உடம்பு முடியாமல் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளிருக்கும். இந்தக் கடைசி நன்மையை எவரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். குறை என்னவென்றால், அங்கே கடிகாரம்தான் தலைவர். பிள்ளை ஒன்றில் லயித்துப் போகும் நேரத்தில்தான் அடுத்த இடத்துக்குக் கிளம்பச் சொல்லிக் குரல் வரும்.

ஓரிட முகாம் வேறுபடுவது இங்கேதான். மழை படாத உலர்ந்த மணலில் புனல்போலக் குழி பறித்து, தாடைகளை மட்டும் வெளியே நீட்டிக் காத்திருக்கும் குழியானைப் பூச்சியை எடுத்துக்கொள்வோம். விளிம்பில் தடுமாறும் எறும்பின் மீது அது தலையால் மணலை வாரி இறைத்து, சரிவைக் குலைத்து, இரையை அடிக்கு இழுக்கும். இதைக் காண வேண்டுமானால் குழியருகே குப்புறப் படுத்து, எறும்பு வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் அதே குழி பெரிதாகியிருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்க அதே இடத்தில் இருக்கவும் வேண்டும். பார்த்ததைப் பிள்ளை வரைந்து வைத்தால் ஒரு வாரப் பாடம் அதிலேயே அடங்கிவிடும்.

இரவு வந்தால் பாடம் சொல்பவரே மாறிவிடுவார். கண் இருளுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடமாகும். அதற்கிடையே ஒருமுறை கைபேசியைத் திறந்தாலும் பழகியது கெட்டுவிடும் என்பதால், மங்கலான சிவப்பு விளக்கே உகந்தது. அமாவாசையை ஒட்டிய நாள்களில், ஆண்ட்ரோமெடா என்ற விண்மீன் திரள் மேலெழும் பருவத்தில், ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலிருந்து வரும் ஒளியை வெறுங்கண்ணாலேயே ஒரு மங்கல் திட்டாகக் காணலாம். ஆனால் வயது ஏற ஏறக் கண்மணி இருளில் விரிவது குறைவதால், பாட்டிக்குத் தெரியாத விண்மீன்கள் பேத்திக்குத் தெரியும். காதும் அப்படியே: உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் பூச்சிகள் சிலவற்றின் சத்தம் முதியவருக்கு எட்டாது, பிள்ளைக்குத் துல்லியமாகக் கேட்கும். எத்தனை வகைச் சத்தம் கேட்கிறது என்று இருவரும் தனித்தனியே எண்ணி ஒப்பிடுவது, முகாமில் செய்யக்கூடியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. பெரியவர் மாணவராகும் நேரம் அது.

முகாமின் பலவீனம், எல்லாப் பொறுப்பும் ஒருவர் தலையில் விழுவது. அரைநாளுக்கு ஓர் உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொண்டால் அறிவுக் குறை பெருமளவு தீரும். பாதுகாப்புக் குறை அவ்வளவு எளிதில் தீராது. எங்கே தங்குகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்வதும், தாத்தா மயங்கி விழுந்தால் யாரை, எப்படி அழைப்பது என்பதைப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லித் தருவதும் கட்டாயம். மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி முப்பது நொடிக்குள் இருந்தால் மின்னல் ஏறத்தாழ பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். கூடாரம் அதற்குப் பாதுகாப்பாகாது. உறுதியான கட்டடத்துக்கோ மூடிய காருக்கோ போய், கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் அங்கேயே இருக்க வேண்டும்.

மலைநடை மூன்றில் கவர்ச்சி மிகுந்தது. முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைக்காததும் அதுவே. சாகசத்தைக் கல்வியாக்கிய முன்னோடிகளில் ஒருவரான கர்ட் ஹான் 1941-இல் வேல்ஸின் அபர்டோவியில் தொடங்கிய அவுட்வர்டு பவுண்டு என்ற பயிற்சிப் பள்ளி, இளம் கடலோடிகளின் தாங்குதிறனை வளர்க்க எழுந்தது. ஏறத்தாழ ஒத்த வயதினருக்குப் பொருந்தும் அந்த முறையை, அறுபது வயது வித்தியாசமுள்ள இருவருக்கு அப்படியே பொருத்த முடியாது. மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த கணக்கின்படி ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். எட்டு கிலோமீட்டர் தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு இரண்டு மணி 36 நிமிடம் போதும் என்று அது சொல்லும். பேரப்பிள்ளையோடு செல்பவர் அதை இரட்டிப்பாக்கிக்கொள்வது நல்லது. சில்வண்டுக்கும் சிலந்திக்கும் நிற்காத நடையில் கல்வி எங்கே இருக்கிறது?

உயரமும் கவனத்துக்குரியது. 2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் யாருக்கும் வரலாம். 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. சிறு பிள்ளைக்குத் தலைவலியைச் சொல்லத் தெரியாமல், சாப்பிட மறுப்பதும் சிணுங்குவதுமாக நோய் வெளிப்படலாம். முதியவருக்கோ தாக உணர்வே மந்தமாக இருக்கும்; இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை உண்பவராயின், எவ்வளவு நீர் அருந்துவது, மாத்திரையை எப்படித் தொடர்வது என்பதை மருத்துவரிடம் கேட்ட பிறகே கிளம்ப வேண்டும்.

எந்த வழியானாலும் பெற்றோரின் ஒப்புதல் கடிதமும், அவசரச் சிகிச்சைக்கு அனுமதி தரும் கையொப்பமும், பிள்ளையின் ஒவ்வாமை விவரமும் கையில் இருக்க வேண்டும். நாட்டு எல்லையைக் கடந்தால் இவை இல்லாமல் சிக்கல் நேரலாம்.

ஆக, பேரப்பிள்ளை ஆறு முதல் பத்து வயதுக்குள் இருந்து, பெரியவரும் ஓரளவு திடமாக இருந்தால், மருத்துவ உதவி எட்டும் தூரத்தில் ஓரிட முகாமே என் தேர்வு. தனியே சமாளிப்பதில் பெரியவருக்குத் தயக்கமிருந்தாலோ, பிள்ளை சம வயதுக் கூட்டத்தை நாடும் இயல்புடையதானாலோ குழுப் பயணம் முந்திக்கொள்ளும். பதின்ம வயதை எட்டிய பேரனோ பேத்தியோ தன் சுமையைத் தானே தூக்கி, வரைபடம் பார்த்து வழி சொல்லும் நிலைக்கு வந்திருந்தால் மலைநடையை யோசிக்கலாம். அப்போதும் மூவராகச் செல்வது இருவராகச் செல்வதைவிட மேல்.