வீட்டிலேயே மருந்து செய்யும் பயிற்சி: போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

என் மாமியாருக்கு வயது 67. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, கூடவே பத்து வருடச் சர்க்கரை. வலி மாத்திரை போட்டால் வயிறு எரியும், போடாவிட்டால் ராத்திரி தூக்கம் இல்லை. அறுவை சிகிச்சைக்கு அவர் சம்மதிக்கவில்லை. அப்படி ஒரு நேரத்தில்தான், 2025 பொங்கல் முடிந்த வாரம், வாட்ஸ்ஆப்பில் அந்த நோட்டீஸ் வந்தது. உங்கள் வீட்டு மருந்தை நீங்களே தயாரிக்கலாம், இரண்டு நாள் பயிற்சி, சாப்பாடும் சான்றிதழும் சேர்த்து 7,500 ரூபாய்.

எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். பயிற்சி நடந்தது அரை மணி நேர பஸ் தூரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். ஏறக்குறைய அறுபது பேர் வந்திருந்தோம், பாதிக்கு மேல் பெண்கள். வீட்டில் யாருக்கோ வலி, யாருக்கோ சர்க்கரை. சும்மா பொழுதுபோக்க வந்தவர்கள் யாரும் இல்லை.

முதல் நாள் சொல்லிக்கொடுத்தது எல்லாம் உண்மையான வேலை. சுக்குக்குப் புறம் நஞ்சு, அதனால் தோலைச் சீவ வேண்டும். கடுக்காய்க்கு அகம் நஞ்சு, அதனால் கொட்டையை நீக்க வேண்டும். அமுக்கரா கிழங்கைப் பால் ஊற்றிப் பிட்டவியலாக அவித்துக் காயவைத்து இடிப்பது, பொடியைத் துணியில் சலிப்பது, லேகியத்துக்குப் பாகு பதம் பார்ப்பது எல்லாம் கையால் செய்து பார்த்தோம். என் பாட்டி செய்ததைப் பார்த்திருக்கிறேன், எதுவும் தப்பாகத் தெரியவில்லை. அதனால்தான் இரண்டாம் நாள் சொன்னதையும் யோசிக்காமல் நம்பினேன்.

இரண்டாம் நாள் மதியம் ‘தாய்ப்பொடி’ என்று ஒன்றை எடுத்துவந்தார்கள். இளம் பழுப்பு நிறம், மிக நைசான பொடி. மூட்டுவலிச் சூரணம் 100 கிராமுக்கு இதில் இரண்டு டீஸ்பூன் கலந்தால்தான் மருந்துக்கு வீரியம் வரும் என்றார் பயிற்சி தந்தவர். 250 கிராம் டப்பா 2,800 ரூபாய். அதில் என்ன இருக்கிறது என்று ஒரு பெண் எழுந்து கேட்டார். குரு வழியாக வந்தது, வெளியே சொன்னால் பலிக்காது என்று பதில் வந்தது. அத்தோடு விட்டுவிட்டோம். டப்பாவில் லேபிள் இல்லை, தயாரித்த தேதி இல்லை, எண் எதுவும் இல்லை.

அப்புறம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். சான்றிதழுக்கான விண்ணப்பம் என்றார்கள். அதன் கடைசி வரியை வீட்டுக்கு வந்துதான் படித்தேன்: நான் தயாரிக்கும் மருந்துகளுக்கு நானே முழுப் பொறுப்பு. அன்றைக்கு அது பெரிதாகப் படவில்லை. இந்த ஏமாற்று வேலை முழுவதும் அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது என்பது பிறகு புரிந்தது.

லைசென்ஸ் பற்றி யாரோ கேட்டபோது, வைத்தியர் தன் நோயாளிக்குத் தானே மருந்து செய்து கொடுக்கச் சட்டத்திலேயே இடம் உண்டு, இந்தச் சான்றிதழ் வாங்கியவர்கள் எல்லோரும் வைத்தியர்தான் என்றார். பாதி உண்மையை வைத்துச் சொல்லும் பொய் இது. 1940ஆம் ஆண்டு மருந்துகள் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இருப்பது நிஜம். ஆனால் அது வைத்தியர்களுக்கு, அதுவும் தங்கள் நோயாளிகளுக்கு மட்டும் செய்யும் மருந்துக்கு. சித்த மருத்துவம் படிக்க ஐந்தரை வருடம் ஆகிறது. இரண்டு நாள் மண்டபத்தில் உட்கார்ந்து எழுந்தவள் வைத்தியர் ஆகிவிட முடியாது. விற்பனைக்குத் தயாரிக்கும் சித்த மருந்துக்கு லைசென்ஸ் கட்டாயம். டப்பாவில் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, சேர்ந்த பொருட்கள் எல்லாம் இருக்க வேண்டும்.

மாசி மாதம் சூரணம் செய்தேன். முடக்கத்தான், வாதநாராயணன் இலை, சுக்கு, அமுக்கரா எல்லாம் நானே காயவைத்து, மிக்சியில் அரைத்து, தாய்ப்பொடியை டீஸ்பூனால் அள்ளிப் போட்டுக் கலக்கினேன். காலையும் மாலையும் கால் டீஸ்பூன், வெந்நீரில். மூன்றாம் நாள் அத்தை மாடிப்படி ஏறி மேலே வந்துவிட்டார். “கண்ணு, உன் கை மருந்துதான் என்னை நடக்க வச்சுது” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த சந்தோஷத்தில் எதிர்வீட்டு அக்காவுக்கும் இரண்டு பாட்டில் செய்து கொடுத்தேன். செலவுக்கு என்று அவர் கொடுத்த 400 ரூபாயை வாங்கிக்கொண்டேன்.

சித்திரையில் அத்தையின் முகம் உப்பியது. சாப்பாடு கூடியது. நன்றாகத் தேறிவிட்டார் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். கையில் லேசாக இடித்தாலே ஊதா நிறத்தில் கன்றியது. 140க்குள் இருந்த வெறும் வயிற்றுச் சர்க்கரை 290க்குப் போனது. பயிற்சி தந்தவருக்கு போன் செய்தேன். பத்தியம் பிசகியிருக்கும், புளியை நிறுத்துங்கள் என்றார். ஆனி மாதம் எனக்குச் சந்தேகம் முற்றி, மருந்தை ஒரேயடியாக நிறுத்திவிட்டேன். பாதுகாப்புக்கு என்று நினைத்துச் செய்த அதுதான் அவரைச் சாவின் பக்கம் கொண்டுபோனது.

நிறுத்திய ஐந்தாம் நாள் வாந்தி. ஆறாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. ரத்த அழுத்தம் 80க்கு வந்துவிட்டது. கோவையில் ஒரு மருத்துவமனைக்கு ஆம்புலன்சில் கொண்டுபோனோம்.

அங்கே இருந்த டாக்டர் அத்தையின் முகத்தையும், கையில் இருந்த கன்றலையும் பார்த்துவிட்டு, “நாட்டு மருந்து, பொடி ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?” என்று கேட்டார். அத்தை என்னைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பேசாமல் இருந்தார். நான்தான் சொன்னேன்.

காலை 8 மணிக்கு ரத்தம் எடுத்துக் கார்டிசால் பார்த்தார்கள். 5க்கு மேல் இருக்க வேண்டியது 1க்கும் கீழே இருந்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். கார்டிசால் என்பது சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் சுரப்பது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், சில வாரங்களில் அந்தச் சுரப்பி வேலையை நிறுத்திவிடும். முகம் உப்புவது, பசி, சர்க்கரை, தோல் கன்றுவது எல்லாம் ஸ்டீராய்டு அதிகம் ஆனதன் அடையாளம். திடீரென்று நிறுத்தினால் வெளியிலிருந்தும் வராது, உள்ளேயும் சுரக்காது. உடனே கார்டிசாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் ஹைட்ரோகார்டிசோன் ஊசி ஏற்றினார்கள். அன்று மாலையே அத்தை கண் திறந்து தண்ணீர் கேட்டார்.

மீதி இருந்த தாய்ப்பொடியை டாக்டர் சொன்னபடி ஒரு தனியார் ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுத்தோம். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. மூன்றே நாளில் படி ஏறவைத்தது நான் இடித்த மூலிகை இல்லை.

கையால் செய்வதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். டெக்ஸாமெத்தசோன் முக்கால் மில்லிகிராம் என்றால், பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டின் 5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றுக்குச் சமம். ஒரு சிட்டிகை உப்பை முந்நூறு நானூறு பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவுதான் அது. என் சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. டீஸ்பூனில் அள்ளி மிக்சியில் சுற்றினால் ஒரு வேளைக்கு ஒன்றும் வராது, இன்னொரு வேளைக்கு நாலு பங்கு வரும். மருந்துக் கம்பெனியில் சிறிதளவு மருந்தைச் சம அளவு பொடியோடு கலந்து, அதைத் திரும்ப அதே அளவு பொடியோடு கலந்து என்று படிப்படியாகக் கலப்பார்கள். பிறகு மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். கண்ணுக்கும் மூக்குக்கும் நாக்குக்கும் இது எட்டாது. சோதனை நடக்காவிட்டால் லைசென்ஸ் இருக்கும் இடத்திலும் பிள்ளைகள் சாவார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்து, 2025இல் மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். 1937இல் அமெரிக்காவில் இதே நச்சு கலந்த மருந்து நூறு பேருக்கு மேல் கொன்றது. 2020 மே மாதம் சென்னையில் கொரோனாவுக்கு மருந்து என்று தயாரித்ததைத் தானே குடித்துப் பார்த்த மருந்தாளுநர் ஒருவர் இறந்ததும் பலருக்கு ஞாபகம் இருக்கும். அவர் வேதியியல் தெரிந்தவர்.

மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே எதிர்வீட்டுக்குப் போனேன். தெருவைத் தாண்ட எனக்குக் கால் வரவில்லை. அக்கா இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அவர் முகமும் லேசாக உப்பியிருந்தது. அவரையும் அதே டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஸ்டீராய்டை மாத்திரையாகக் கொடுத்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். அவருக்கு ஆபத்து வரவில்லை. 400 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் வாங்கவில்லை. என்னை யாரோ ஏமாற்றியது வேறு. எனக்கே என்னவென்று தெரியாத ஒரு பொருளை இன்னொருவர் உடம்புக்குள் அனுப்பியது நான்தான். அதை யார் மேலும் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

பயிற்சி தந்தவருக்கு ஆய்வக அறிக்கையை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: நாங்கள் மருந்து எதுவும் விற்கவில்லை, பயிற்சிதான் கொடுத்தோம், மருந்து செய்தது நீங்கள், கையெழுத்து எங்களிடம் இருக்கிறது. பிறகு பிளாக் செய்துவிட்டார். இந்த மாதிரிப் பயிற்சிகளில் அவர்கள் உண்மையில் விற்பது பொடியை. பயிற்சி எதற்கு என்றால், தயாரித்தவர் என்ற பெயரை நம் தலையில் கட்டுவதற்கு. நம் கையால் இடித்ததால் யாரிடமும் குறை சொல்லவும் வாய் வராது. வெட்கத்தில் நானே ஒரு மாதம் வெளியே சொல்லவில்லை.

புகார் கொடுத்திருக்கிறேன். பொடியில் அலோபதி மருந்து இருப்பதால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆய்வாளரிடமும், சித்த மருந்து என்று சொல்லிக் கொடுத்ததால் மாவட்ட சித்த மருத்துவ அலுவலரிடமும் எழுதிக் கொடுத்தேன். மூடி திறக்காத ஒரு டப்பா பத்திரமாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று. பணம் கட்டிய ரசீது, நோட்டீஸ், போன் உரையாடல் எல்லாவற்றையும் வைத்திருங்கள், கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். மருந்தால் கெடுதல் வந்தால் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

சளிக்குச் சுக்குக் கசாயம் இப்போதும் எங்கள் வீட்டில் வைக்கிறோம். பெயர் தெரிந்த, கடையில் முழுதாகப் பார்த்து வாங்கிய சரக்கு அது. சித்த மருந்து வேண்டுமென்றால் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவுக்குப் போகிறோம்.

அந்த மண்டபத்தில் என்னோடு இருந்தவர்களில் ஒருவராவது இதைப் படிப்பார் என்றுதான் எழுதுகிறேன். தாய்ப்பொடி கலந்த எதையாவது நீங்களோ வீட்டில் பெரியவர்களோ சில வாரங்களாகச் சாப்பிட்டு வந்தால், நீங்களாகவே திடீரென்று நிறுத்தாதீர்கள். டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு இன்றைக்கே டாக்டரிடம் போய், ஸ்டீராய்டு கலந்த பொடி, இத்தனை வாரமாக, ஒரு நாளைக்கு இத்தனை தடவை என்று சொல்லுங்கள். வாந்தி, தலைசுற்றல், எழ முடியாத சோர்வு இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். உங்களிடமிருந்து வாங்கிப்போனவர்கள் யார் யார் என்று யோசித்து, அவர்களுக்கும் சொல்லுங்கள். அத்தை இன்னும் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையில்தான் இருக்கிறார். சுரப்பி எப்போது திரும்ப வேலை செய்யும் என்று அடுத்த மாதம் பரிசோதித்துவிட்டுச் சொல்வதாக டாக்டர் சொல்லியிருக்கிறார்.