ஆள் நீளத் தலையணை: துவைப்பதைவிடக் காயவைப்பதுதான் பெரிய வேலை

ஆள் நீளத்துக்கு இருக்கும் பெரிய தலையணை ஒன்றைச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். உள்ளே பாலியெஸ்டர் ஃபைபர், மேலே பருத்தித் துணி. ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு ரொம்பச் சுகமான பொருள். மேல்காலைத் தூக்கி அதன்மேல் போட்டுக்கொண்டால் இடுப்பு முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறது, தோளுக்கும் பாரம் குறைகிறது. சுகத்தைப் பற்றி இவ்வளவு போதும். நான் எழுத வந்தது பராமரிப்பைப் பற்றி. சின்னத் தலையணைக்குச் செய்வதை அப்படியே இதற்கும் செய்தால் சரிப்பட்டு வராது. எப்படியும் துவைத்துவிடலாம், நடுப்பஞ்சுவரை காயவைப்பதில்தான் இதன் ஆயுளே இருக்கிறது.

தண்ணீரில் போடும் முன், ஓரத்தில் தைத்திருக்கும் துணிச்சீட்டைப் படித்துவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் எல்லாம் முடிவாகும். பாலியெஸ்டர் ஃபைபரைப் பெரும்பாலும் தாராளமாகத் துவைக்கலாம். அமுக்கினால் மெல்ல எழும்பும் நுரையான மெமரி ஃபோமை முழுசாக நனைக்கவே கூடாது. அது நீரை உறிஞ்சிக் கனத்து, தூக்கும்போது தன் எடையிலேயே கிழியும். உள்ளே போன ஈரமும் லேசில் வெளியே வராது. ரப்பர் நுரையான லேடெக்ஸுக்கு வெயில் ஆகாது, வெளுத்து, விறைத்து, உதிர ஆரம்பித்துவிடும். இந்த இரண்டுக்கும் உறையை மட்டும் துவைத்து, கறை பட்ட இடத்தை ஈரத்துணியால் ஒற்றி, நிழலில் காற்றாட வைப்பதுதான் வழி. இலவம் பஞ்சு என்றால் வெயிலில் போட்டுத் தட்டி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நனைந்தால் கட்டி தட்டிவிடும், பழைய மெத்து திரும்பாது.

பெரிய தலையணையில் அழுக்கு சேரும் விதமும் வேறு. சாதாரணத் தலையணையில் தலை படும் இடம்தான் மஞ்சளாகும். இதைக் கட்டிப்பிடித்துத் தூங்குவதால் கை, கால், முகம் என எல்லா வியர்வையும் இதில்தான் இறங்குகிறது. கூடவே தலையெண்ணெய், எச்சில், தோலிலிருந்து உதிரும் செதில். அந்தச் செதிலைத் தின்றுதான் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் வாழ்கின்றன. அவற்றின் கழிவுதான் பலருக்குக் காலைத் தும்மலையும் மூக்கடைப்பையும் தருவது, ஆஸ்துமா உள்ளவர்களைத் தொந்தரவு செய்வது. இந்த உண்ணிகள் நீர் குடிப்பதில்லை, காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சித்தான் பிழைக்கின்றன. தலையணையை உலர்வாக வைத்திருந்தாலே அவற்றின் பெருக்கம் பெருமளவு குறையும் என்பதை இதற்காகவே அழுத்திச் சொல்கிறேன்.

என் தலையணை இன்றும் நல்ல நிலையில் இருப்பதற்கு இரட்டை உறைதான் காரணம் என்பேன். முதலில் முழுக்க ஜிப் வைத்து மூடும் மெல்லிய பாதுகாப்பு உறை, அதன்மேல் வழக்கமான உறை. மேலுறை வாரம் ஒருமுறை துவைக்கப் போகும். உள்ளுறை மாதம் ஒருமுறை. துணி தாங்கும் என்றால் 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைப்பது நல்லது, அந்தச் சூட்டில் உண்ணிகள் செத்துவிடும். இப்படிச் செய்தால் தலையணையையே துவைக்கும் வேலை வருடத்துக்கு இரண்டு தடவையோடு முடிகிறது. உறை வாங்கும்போது ஜிப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நீளவாட்டில் முழுசாகத் திறக்கும் ஜிப் என்றால் மாட்டுவது நொடி வேலை. முனையில் மட்டும் திறக்கும் உறைக்குள் இவ்வளவு நீளத்தைத் திணிப்பது ஒவ்வொரு வாரமும் மல்யுத்தம்தான்.

சரி, துவைக்கும் நாளுக்கு வருவோம். முதலில் தையலை ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். எங்காவது விட்டிருந்தால் தைத்த பிறகே தண்ணீர், இல்லாவிட்டால் பஞ்சு முழுக்க மெஷினுக்குள் பறக்கும். மஞ்சள் கறைக்கு சோடியம் பெர்கார்பனேட் கலந்த ஆக்சிஜன் ப்ளீச்சை வெதுவெதுப்பான நீரில் கரைத்து அந்த இடத்தை ஊறவைத்தால் நன்றாகப் போகிறது. குளோரின் ப்ளீச் பக்கமே போகாதீர்கள். வியர்வைக் கறையை அது இன்னும் மஞ்சளாக்கக்கூடும். ரத்தக்கறை என்றால் குளிர்ந்த நீர் மட்டும், சூடு பட்டால் கறை துணியிலேயே பிடித்துக்கொள்ளும்.

வாஷிங் மெஷினில் போடுவதாக இருந்தால், தலையணை உள்ளே போன பிறகும் புரளுவதற்கு இடம் இருக்க வேண்டும். அடைத்துத் திணித்தால் நடுவில் தண்ணீரே சேராது, சோப்பும் வெளியேறாது. முன்பக்கம் திறக்கும் பெரிய டிரம் இதற்குப் பொருத்தம். நடுவில் தண்டு நின்று சுழலும் மெஷின் நீளமான தலையணையை முறுக்கிப் பஞ்சை ஒரு பக்கம் தள்ளிவிடும். திரவ டிடர்ஜென்ட், அதுவும் வழக்கத்தைவிடக் குறைவாக. மென்மையான சுழற்சி, அப்புறம் கூடுதலாக ஒரு அலசல். உள்ளே தங்கும் சோப்பு பஞ்சை ஒட்டவைத்து அழுக்கையும் சீக்கிரம் இழுக்கும். துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் வேண்டாம், அது இழைகளின் மேல் படிந்து உப்பலைக் குறைக்கிறது. மெஷினில் இடம் போதவில்லையா, குளியல் தொட்டியிலோ பெரிய டப்பிலோ போட்டு உள்ளங்கையால் அமுக்கி அமுக்கித் துவைக்கலாம். முறுக்கிப் பிழிய மட்டும் கூடாது. சுருட்டி அமுக்கினால் நீர் போதுமான அளவு வடிந்துவிடும்.

இனிதான் முக்கியமான கட்டம். வெளித்துணி காய்ந்து, உள்ளே ஈரம் நிற்பதுதான் பெரிய தலையணையின் ஆபத்து. தொட்டுப் பார்த்து ஏமாந்து உறை மாட்டிவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், அந்த வாடை வந்த தலையணையைக் காப்பாற்றுவது கஷ்டம். அதனால் நல்ல வெயிலும் காற்றும் இருக்கும் நாளில், காலையிலேயே துவைத்துவிடுகிறேன். கொடியில் செங்குத்தாகத் தொங்கவிட்டால் ஈரப்பஞ்சு எல்லாம் கீழ்முனைக்கு இறங்கிவிடும். படுக்கைவாட்டில், அடியிலும் காற்று போகும்படி, துணி உலர்த்தும் ஸ்டாண்டின் மேல் பரப்பி வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி, இரு கையாலும் நடுப்பகுதியைப் பிடித்துக் கட்டிகளை உதிர்த்துவிட வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் பஞ்சு பழையபடி பொசுபொசுவென்று எழும்புவது இந்த உதிர்ப்பில்தான். டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில், சுத்தமான டென்னிஸ் பந்துகள் இரண்டைக் கூடப் போட்டு ஓட்டுங்கள். நடுநடுவே நிறுத்தி உதறிவிடுங்கள்.

காய்ந்ததா என்று அறிய நான் பார்ப்பது மூன்று விஷயம். நடுவை நன்றாக அமுக்கினால் குளிர்ச்சி தட்டக் கூடாது. தூக்கினால் துவைப்பதற்கு முன்பிருந்த எடைதான் இருக்க வேண்டும். மூக்கை வைத்து ஆழமாக முகர்ந்தால் ஈரவாடை வரக் கூடாது. இதில் எதிலாவது சந்தேகம் வந்தால் இரவு முழுக்க மின்விசிறிக்கு அடியில் விட்டு, மறுநாள் மறுபடி வெயில். முதல் நாளிலேயே காய்ந்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள், மாற்றுத் தலையணையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற நாட்களில் பெரிதாக ஒன்றுமில்லை. எழுந்தவுடன் போர்வைக்குள் மூடி வைக்காமல் கொஞ்ச நேரம் காற்றில் விடுகிறேன், இரண்டு தட்டு தட்டுகிறேன், உறை மாற்றும்போது தலைப்பக்கத்தைக் கால்பக்கமாகத் திருப்பிவிடுகிறேன். வாடை வந்தால் பேக்கிங் சோடாவைத் தூவி, சில மணி நேரம் விட்டு, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுக்கலாம். வாடை குறையும், ஆனால் அழுக்கு அங்கேயேதான் இருக்கும். துவைப்பதற்கு மாற்றாக அதை எண்ண வேண்டாம்.

என்னுடையதில் இப்போது கால் போடும் இடம் மட்டும் சற்று அமுங்கியிருக்கிறது, மற்ற பகுதிகள் உப்பலாகவே உள்ளன. அவ்வப்போது நடுவில் மடித்து விட்டுப் பார்க்கிறேன்: தானாக விரிந்து நிமிர்ந்தால் இன்னும் உயிர் இருக்கிறது, மடிந்தபடியே கிடந்தால் பஞ்சு தளர்ந்துவிட்டது. புதிதாக வாங்குபவர்களுக்கு, உள்பையிலேயே ஜிப் உள்ள ஃபைபர் தலையணையைத்தான் பரிந்துரைப்பேன். அமுங்கிய இடத்தில் கொஞ்சம் புதுப் பஞ்சு சேர்த்துக்கொள்ளலாம், பாதிப் பஞ்சை எடுத்துவிட்டால் துவைப்பதும் காயவைப்பதும் சுலபம். வாங்கும் முன் உங்கள் மெஷினின் டிரம்மையும், அதைப் பரப்பிக் காயவைக்க இடம் இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.