ஜாங்கோ அட்மினில் ஒப்புதல் பட்டன்கள்: கையால் எழுதுவதா, எஃப்எஸ்எம்மா?

எங்கள் அலுவலகத்தில் கொள்முதல் கோரிக்கைகள் ஜாங்கோ அட்மினிலேயே (பைத்தான் வலைக் கட்டமைப்பான ஜாங்கோவோடு வரும் நிர்வாகப் பக்கம்) ஓடுகின்றன. வரைவு, அனுப்பியது, ஒப்புதல், பணம் கொடுத்தது என நான்கு நிலைகள். முதலில் எல்லாவற்றையும் நானே கையால் எழுதினேன். பிறகு, எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்ற விதிகளைக் கையாளும் ஜாங்கோ-எஃப்எஸ்எம் (எஃப்எஸ்எம் என்றால் ஃபைனைட் ஸ்டேட் மெஷின்) பேக்கேஜுக்கு மாற்றினேன். இப்போது யார் கேட்டாலும் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

கையால் எழுதுவது எளிது. சாய்ஸஸ் (தேர்வுப் பட்டியல்) கொடுத்த ஒரு ஸ்டேட்டஸ் ஃபீல்டு, பட்டியல் பக்கத்தில் தேர்ந்தெடுத்த வரிசைகள் மீது ஓட இரண்டு அட்மின் ஆக்‌ஷன், திருத்தும் பக்கத்தில் பட்டன் வேண்டுமென்றால் ஒரு டெம்ப்ளேட். புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. இரண்டே நிலைகள் என்றால் இதுவே போதும்.

பராமரிப்பில்தான் அடி விழுந்தது. ஆறு மாதம் கழித்து, ‘திருப்பி அனுப்பியது’ என்று ஐந்தாவது நிலை ஒன்றைக் கணக்குப் பிரிவு கேட்டது. ஆக்‌ஷன், டெம்ப்ளேட், எந்த நிலையில் எந்த ஃபீல்டைப் பூட்டுவது, யாருக்கு அனுமதி என்று நான்கு இடங்களில் கை வைத்தேன். பட்டியல் ஆக்‌ஷனில் பழைய நிலையைச் சோதிக்க மறந்துவிட்டேன். பணம் கொடுத்து முடித்த ஒரு கோரிக்கை மறுபடி வரைவுக்கே போய்விட்டது. அந்த ஆக்‌ஷன் பல வரிசைகளை டேட்டாபேஸில் நேரடியாக மாற்றும் க்வெரிசெட் அப்டேட்டில் எழுதியது; அப்டேட் மாடலின் (டேட்டாபேஸ் அட்டவணையைக் குறிக்கும் கிளாஸ்) சேவ் மெத்தடையும், சேமிப்பை அறிவிக்கும் சிக்னல்களையும் தொடாது. அதனால் எங்கள் மாற்றப் பதிவிலும் தடயம் இல்லை. கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

எஃப்எஸ்எம்மில் விதி மாடலிலேயே இருக்கிறது. ஒவ்வொரு நகர்வும் ஒரு மெத்தட். அதன் தலையில் உள்ள டிரான்சிஷன் டெகரேட்டரில் (மெத்தடுக்கு மேலே எழுதும் @ வரி) எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு, என்ன நிபந்தனை, யாருக்கு அனுமதி என்பதெல்லாம் வந்துவிடும். தவறான நிலையிலிருந்து அழைத்தால் பிழை எழும். இந்தப் பயனர் இப்போது எந்த நகர்வுகளைச் செய்யலாம் என்ற பட்டியலையும் அதுவே தருகிறது. என் டெம்ப்ளேட் அந்தப் பட்டியலைச் சுற்றி வந்து பட்டன் வரைகிறது, அவ்வளவுதான். அடுத்த முறை புது நிலை கேட்டபோது சாய்ஸஸில் ஒரு வரி, மாடலில் ஒரு மெத்தட். பட்டன் தானாக வந்தது.

சில இடங்களில் கவனம் வேண்டும். டிரான்சிஷன் மெத்தட் நிலையை மாற்றுமே தவிர சேமிக்காது. சேவ் நாம்தான் அழைக்க வேண்டும். புரொடெக்டெட் (நேரடியாக மதிப்பை மாற்றத் தடை) என்று வைத்த ஃபீல்டை அட்மினில் படிக்க மட்டும் என ஆக்காவிட்டால் ஃபார்மைச் சேமிக்கும்போது பிழை வரும். புரொடெக்டெட் வைத்தாலும் க்வெரிசெட் அப்டேட் அதைத் தாண்டிப் போய்விடும், ஆகவே பட்டியல் ஆக்‌ஷனில் ஒவ்வொரு பொருளாக எடுத்து மெத்தடை அழையுங்கள்.

வெளிப் பேக்கேஜை நம்பலாமா என்பது நியாயமான கேள்வி. மூல ஜாங்கோ-எஃப்எஸ்எம்மின் வேலை வியூஃப்ளோ என்ற பணிப்பாய்வுப் பேக்கேஜுக்குள் நகர்ந்துவிட்டது. அதன் கிளையான ஜாங்கோ-எஃப்எஸ்எம்-2 ஜாங்கோ காமன்ஸ் என்ற சமூக அமைப்பில் பராமரிக்கப்படுகிறது, அட்மினில் பட்டன்களைச் சேர்க்கும் மிக்ஸினும் (துணைக் கிளாஸ்) அதிலேயே இருக்கிறது. நான் மிக்ஸினை எடுக்கவில்லை. அதே டெம்ப்ளேட்டை மாற்றும் இன்னொரு பேக்கேஜ் எங்களிடம் இருந்தது, இரண்டும் மோதும் என்று பட்டது.

இருவர் ஒரே நேரத்தில் இணையாக ஒப்புதல் தரும் முறைக்கு ஒற்றை ஸ்டேட்டஸ் ஃபீல்டு பத்தாது. அதற்கு வியூஃப்ளோ பொருந்தலாம். மாதிரித் திட்டம் ஒன்றில் மட்டும் தொட்டுப் பார்த்தேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் நிலை மாற்றங்களைப் பதிவு செய்யும் ஜாங்கோ-எஃப்எஸ்எம்-லாக்கையும் சேர்த்தேன். யார், எப்போது, எந்த நிலைக்கு மாற்றினார் என்று கணக்குப் பிரிவு கேட்டால் இப்போது ஒரு பக்கத்தைத் திறந்து காட்டுகிறேன்.