கட் பொலிஷ், வாக்ஸ், சீலன்ட், செரமிக்: திருகோணமலை வெயிலுக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் எது தாங்கும்?

என்னுடைய விட்ஸ் காரும் கறுப்பு, மச்சானுடைய விட்ஸும் கறுப்பு. இரண்டுக்கும் ஒரே கடையில், ஒரே வாரத்தில் செரமிக் கோட்டிங் போட்டோம். அவருடைய கார் உவர்மலையில் வீட்டுப் போர்ட்டிகோவுக்குள் நிற்கிறது. இரண்டு வருடம் போயும் மழைத்துளி அதன்மேல் முத்துமுத்தாக உருண்டு ஓடுகிறது. என் கார் உப்புவெளியில் வேப்பமரத்தடியில் நிற்பது. எட்டாவது மாதமே பொனட் முழுக்க வெள்ளை வட்டங்கள். முதலில் கடைக்காரர்மேல்தான் கோபம் வந்தது. பிறகு மெல்லமெல்ல விளங்கியது: வேலையில் பிழை இல்லை, என் காருக்கு அது பொருத்தமில்லாத வேலை.

கட் பொலிஷ், வாக்ஸ், சீலன்ட், செரமிக் என்ற இந்த நான்கையும் ஒரே தராசில் வைத்து எது சிறந்தது என்று கேட்பவர்கள்தான் அதிகம். ஆனால் கட் பொலிஷ் என்பது எடுப்பது, மற்ற மூன்றும் பூசுவது. பளபளப்பு பெரும்பாலும் எடுப்பதில்தான் வருகிறது. பூசுவது அதைக் காத்து வைக்கும், கொஞ்சம் மெருகும் கூட்டும், அவ்வளவுதான். கீறல் விழுந்த பெயின்ட் மேல் எவ்வளவு விலையான கோட்டிங் பூசினாலும் உள்ளே கீறல் அப்படியே இருக்கும்.

சரி, கட் பொலிஷில் இருந்தே தொடங்குவோம். காரின் நிறத்துக்கு மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்று ஒரு படலம் இருக்கிறது. கம்பனியில் இருந்து வரும்போது அதன் தடிப்பு பொதுவாக 40 முதல் 50 மைக்ரோன் வரை. தலைமயிர் ஒன்றின் தடிப்பைவிடக் குறைவு. காலை வெயிலில் பார்த்தால் சிலந்தி வலைபோல வட்டவட்டமாகத் தெரியும் கீறல்கள் எல்லாம் இந்தப் படலத்தில் விழுந்தவை. கொம்பவுண்ட் என்ற தேய்க்கும் பசையைப் போட்டு மெஷினால் தேய்க்கும்போது கீறலின் ஆழம்வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சுரண்டி மட்டமாக்குகிறார்கள். மேற்பரப்பு சமமானதும் வெளிச்சம் சிதறாமல் திரும்புகிறது. அதைத்தான் நாம் பளபளப்பு என்கிறோம். ஒவ்வொரு தடவையும் சில மைக்ரோன் போய்விடும். போனது போனதுதான்.

நம் ஊரில் இது ஏன் முக்கியம் என்றால், 2020இல் வந்த வாகன இறக்குமதித் தடை தனியார் கார்களுக்கு நீங்கியது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் இருந்த காரையே புதிதாகக் காட்ட வேண்டிய நிலை. சித்திரைக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று கட் பொலிஷ் செய்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலருடைய கார்களில் பொனட் விளிம்பிலும் கூரையிலும் இப்போது சாம்பல் பூத்த மாதிரித் திட்டுகள். கிளியர் கோட் தேய்ந்து முடிந்த அடையாளம் அது. அதற்குப் பிறகு எந்தப் பொலிஷும் உதவாது, பெயின்ட் பாஸிடம்தான் போக வேண்டும்.

ஆகவே ஒரு காருக்குக் கனமான கட் பொலிஷ் வாழ்நாளில் இரண்டு, மூன்று தடவைக்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு. செய்யும்போது மெஷினையும் கவனியுங்கள். ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷின் கைதேர்ந்தவரிடம் அற்புதம் செய்யும், பழகாத கையில் விளிம்பைச் சுட்டுவிடும். சுழன்றுகொண்டே அசையும் டூயல் ஆக்‌ஷன் மெஷின் மெதுவானது, ஆனால் பிழை விடும் வாய்ப்புக் குறைவு. இன்னொன்று: சில பழைய கார்களில், அதுவும் சாதாரண வெள்ளை, சிவப்பு நிறங்களில், கிளியர் கோட்டே கிடையாது. தேய்த்த துணியில் காரின் நிறம் ஒட்டினால் உங்களுடையது அந்த வகை. அதற்குக் கை இன்னும் மெதுவாகப் போக வேண்டும்.

இனிப் பூசுபவை. வாக்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கார்னோபா என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையில் இருந்து எடுக்கும் மெழுகு. கறுப்பு, சிவப்புக் கார்களுக்கு அது தரும் ஈரமான ஆழம் வேறு எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பொனட்டில் கை வைக்க முடியாத இந்த ஊரில், வெளியே நிற்கும் காரில் அது ஒன்றரை மாதம் நின்றால் பெரிது. கலியாண வீட்டுக்குப் போக முதல்நாள் பூசலாம். பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கும் நல்லது.

செரமிக் என்று விற்பது சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட திரவம். பெயின்ட் மேல் இறுகி, ஓரிரு மைக்ரோன் தடிப்பில் கண்ணாடி மாதிரி ஒரு படலம் ஆகிறது. நல்ல தரமானதை ஒழுங்காகப் போட்டால் இரண்டு வருடத்துக்கு மேல் நிற்கும். தூசி லேசில் ஒட்டாது, கழுவுவது பாதி வேலை. இதெல்லாம் உண்மை. ஆனால் 9எச் கடினம், கீறலே விழாது என்று சொல்வார்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த 9எச் என்பது பென்சில் சோதனை. 9எச் பென்சிலால் அழுத்தி இழுத்தால் கீறாது என்பதுதான் அதன் பொருள். நம் கடற்கரை மணலில் உள்ள குவார்ட்ஸ் பென்சிலைவிட எவ்வளவோ கடினம். நிலாவெளிக்குப் போய்வந்த காரைக் காய்ந்த துணியால் துடைத்தால் செரமிக் மேலும் கீறல் விழும்.

அடுத்தது தண்ணீர். என் பொனட்டில் வந்த வெள்ளை வட்டங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பும் உப்பும்தான். செரமிக் மேல் தண்ணீர் பரவாமல் துளிகளாக நிற்கும். வெயிலில் ஒவ்வொரு துளியும் காய்ந்து, தன்னிடம் இருந்ததையெல்லாம் ஒரே இடத்தில் விட்டுவிட்டுப் போகும். உடனே துடைத்தால் ஒன்றுமில்லை. நான் காலையில் ஹோஸ் பிடித்துவிட்டு அப்படியே வேலைக்குப் போகிறவன். மச்சான் நிழலில் கழுவித் துடைக்கிறார். அவருடைய செரமிக்கும் என்னுடையதும் பிரிந்த இடம் இதுதான். வினாகிரியைத் தண்ணீர் கலந்து தொட்டுத் துடைத்ததில் என் வட்டங்கள் பாதி போயின, மீதி உள்ளே இறங்கிவிட்டன.

செரமிக் போட்ட முதல் நாள் காரில் தண்ணீர் படவே கூடாது, முழுதாக இறுக ஒரு வாரமாவது வேண்டும். மாரி மழையில் கராஜ் இல்லாத வீட்டுக்காரர் செரமிக் போடுவது வீண். தை கழியட்டும்.

சீலன்ட் என்பது செயற்கைப் பொலிமர். வாக்ஸ் போலவே கையால் பூசலாம். நான்கு முதல் ஆறு மாதம் நிற்கும். அதன் மினுமினுப்பில் வாக்ஸின் ஆழம் இல்லை, கொஞ்சம் கண்ணாடித்தனமாக இருக்கும். வெள்ளை, வெள்ளிக் கார்களுக்கு அதுவே அழகு. கெட்டுப்போனால் மனம் நோகாது, இன்னொரு ஞாயிற்றுக்கிழமையில் திரும்பப் பூசலாம். மரத்தடிக் கார்களுக்கு என் வாக்கு இதற்குத்தான். காகத்தின் எச்சம் வெயிலில் ஒரு மதியம் காய்ந்தாலே கிளியர் கோட்டில் தழும்பு விழும். அதைச் செரமிக்கும் முழுதாகத் தடுக்காது, சீலன்டும் தடுக்காது. ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு மைக்ரோஃபைபர் துணியும் காரில் இருந்தால் தடுக்கலாம். ஊறவைத்துத் துடைக்க வேண்டும், சுரண்டக் கூடாது.

ஒளிபுகும் பிலிம் ஒட்டுவதும் உண்டு. கல் தெறித்தாலும் தாங்குவது அது ஒன்றுதான், கிளியர் கோட்டைவிட மூன்று நான்கு மடங்கு தடிப்பு. விலையும் அதற்கேற்ப. ஹபரணை வீதியில் தினமும் லொறிகளுக்குப் பின்னால் ஓடுகிறவர் முன் பம்பருக்கும் பொனட்டுக்கும் மட்டும் யோசிக்கலாம்.

கடல் உப்புக்கு எது நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். முழுசாக இருக்கும் பெயின்டை உப்பு அவ்வளவாக ஒன்றும் செய்யாது. கல் பட்டுப் பெயின்ட் பெயர்ந்த இடத்தில், கதவின் அடி மடிப்பில், அடித்தட்டில்தான் அது வேலை காட்டும். கோட்டிங் காசில் ஒரு பங்கை டச்-அப் பெயின்டுக்கும், மாதம் ஒருமுறை அடிப்பக்கம் நல்ல தண்ணீர் அடிப்பதற்கும் ஒதுக்குங்கள். கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள், இதில் அவர்களுக்கு இலாபம் இல்லை.

என் காரில் செரமிக்கின் மிச்சத்தை மெல்லிய பொலிஷால் எடுத்துவிட்டு, போன தை மாதம் சீலன்ட் பூசினேன். கச்சான் முடிய இன்னொன்று. இப்போது கழுவுவது குழாய்த் தண்ணீரில், பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு. மச்சான் தன்னுடைய செரமிக் முடிந்தால் திரும்பவும் செரமிக்தான் போடுவேன் என்கிறார். போடட்டும், அவருக்குப் போர்ட்டிகோ இருக்கிறது.