வார்ம் வீல் வெட்ட டேப் போதுமா, ஹாப் வேண்டுமா?

வீட்டு லேத்தில் வார்ம் வீல் (வார்ம் என்ற மரைத் தண்டு சுழற்றும் பல்சக்கரம்) வெட்டப் பலரும் முதலில் நாடுவது மரை போடும் டேப்பைத்தான். டேப்பைச் சக்கில் பிடித்து, மறுமுனைக்கு டெயில் ஸ்டாக் சென்டர் கொடுக்க வேண்டும். பல் வெட்டாத பித்தளை வட்டை, அதாவது பிளாங்கை, தானாகச் சுழலும்படி கிராஸ் ஸ்லைடில் பொருத்தி அழுத்தினால், டேப்பே அதைச் சுற்றிப் பல்லும் வெட்டிவிடும். செலவு என்று பெரிதாக இல்லை.

சிக்கல் பல் கணக்கில்தான். ரோட்டரி டேபிளுக்கு (கைப்பிடியால் கோணக் கணக்கில் திருப்பும் மேசை) 90 பல் வேண்டும், டேப் எம்10, பிட்ச் (மரைக்கு மரை தூரம்) 1.5 மி.மீ. என்று வைப்போம். பல்லின் நடு ஆழத்தில் கணக்கிடும் பிட்ச் விட்டம் சுமார் 43 மி.மீ. வரும், பிளாங்கின் வெளிவிட்டம் 43.9-ஐ ஒட்டி இருக்கும். டேப் முதலில் தொடுவது வெளிவிளிம்பை, அங்கே 92 பல்லுக்கு இடம் இருக்கிறது! ஆழம் கூடக் கூடச் சுற்றளவு குறைவதால் பல் பழைய தடத்தில் விழாமல் தடுமாறும். கடைசியில் 91 வந்து நின்றால், கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு 4 டிகிரிக்குப் பதில் 3.956 டிகிரிதான் நகரும். அந்த டேபிளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதற்கு வழி உண்டு. வட்டத்தைச் சம பாகங்களாகப் பிரிக்கும் டிவைடிங் ஹெட்டில் 90 காடிகளை முன்கூட்டியே வெட்டிவிட வேண்டும். 40:1 ஹெட் (கைப்பிடி 40 சுற்றினால் பிளாங்க் ஒரு சுற்று) என்றால் 18 துளை வட்டத்தில் 8 துளை நகர்த்தினால் சரி. டேப்பின் மரைச் சாய்வுக்கு ஏற்பக் காடியையும் 3 டிகிரி சாய்க்க வேண்டும். அப்புறம் டேப் அந்தக் காடிகளிலேயே ஓடும், எண்ணிக்கை மாறாது. எம்10 மரை வெட்டிய தண்டே வார்மாகிவிடுவது கூடுதல் லாபம்.

ஆனால் அது 60 டிகிரி மரை. சுமை ஏறினால் சக்கரத்தை விலக்கித் தள்ளும். மோட்டாரில் ஓடப்போகும் சக்கரத்துக்கு, வார்ம் வடிவிலேயே செய்த வெட்டுங்கருவியான ஹாப்தான் சரி. சில்வர் ஸ்டீலில் (கடினப்படுத்தக்கூடிய கருவி எஃகு) 40 டிகிரி டூலால் மரை வெட்டி, வெட்டு விளிம்புகள் கிடைக்க நெடுக்கில் பள்ளம் எடுத்து, கடினப்படுத்த வேண்டும். வார்மை விட வெளிவிட்டம் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். மாட்யூல் (பல் அளவு) 1-க்கு பிட்ச் 3.1416 மி.மீ. லேத்தில் மரையின் பிட்சை மாற்றும் சேஞ்ச் கியரில் 22/7 விகிதம் போட்டால் பிழை 0.04 சதவீதம்தான். ஹாப்பையும் வார்மையும் ஒரே கியர் அமைப்பில் வெட்டினால் இரண்டிலும் அதே பிழை இருக்கும், அதனால் பொருத்தம் கெடாது. பல்லின் பின்புறத்தைத் தேய்த்து ரிலீஃப் கொடுப்பதுதான் வீட்டில் கஷ்டம். பித்தளைக்கு அது இல்லாமலும் சமாளிக்கலாம்.

ஒற்றைப் பல் ஃபிளை கட்டரும் உண்டு. அதற்குப் பிளாங்கை ஸ்பிண்டிலோடு கியர் தொடரால் இணைக்க வேண்டும். ஒரே ஒரு சக்கரத்துக்காக அந்தத் தொடரைச் செய்ய நான் உட்கார மாட்டேன்.