பாளையங்கோட்டையில் இரண்டு நாள் எரிசக்திக் கொள்கை வகுப்பு: பங்கேற்றவரின் மதிப்பீடு

வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் எரிசக்தி, சுற்றுச்சூழல் கொள்கை ஆய்வு மையம் பாளையங்கோட்டையில் பொதுமக்களுக்காக நடத்திய வகுப்புக்கு, வீட்டு மாடியில் சோலார் போடலாமா என்ற ஒரே கேள்வியுடன் சென்றிருந்தேன். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதல் நாள் காலை வகுப்புக்காக மட்டுமே கட்டணத்தைக் கொடுத்திருக்கலாம். மின்கட்டண ரசீதுகளைக் கொண்டுவரும்படி முன்பே சொல்லியிருந்தார்கள். பேராசிரியர் அவற்றைப் பலகையில் எழுதி, ஒரு கிலோவாட் நம் வெயிலில் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும், 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் என்று தொடங்கி, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகப் பெறும் சிறு குடும்பத்துக்குப் போட்ட பணம் திரும்பி வர நெடுங்காலம் ஆகும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். என் வீட்டுக்கு வந்துபோன மூன்று விற்பனையாளர்களில் ஒருவர்கூட அந்த 100 யூனிட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பிற்பகலில் காற்றாலை. பணகுடிப் பக்கம் நாங்கள் காத்தாடி என்று சொல்பவை, ஆடிக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் பிய்த்துக்கொண்டு வரும்போதும் சில நேரம் அசையாமல் நிற்பதைப் பழுது என்றே இதுவரை நினைத்திருந்தேன். உற்பத்தி அப்போதைய தேவையையோ மின்தடங்களின் தாங்குதிறனையோ மிஞ்சினால் நிறுத்தச் சொல்வதும் உண்டு என்றும், கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் உலைகள் இரண்டும் காற்றுக்கு ஏற்ப ஏற்றி இறக்கத் தோதானவை அல்ல என்றும், மிஞ்சும் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கக் கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் இருக்கிறது என்றும் அடுத்தடுத்து விளக்கினார்கள். நல்ல காற்றுள்ள இடங்களைச் சிறிய, பழைய எந்திரங்கள் பிடித்துக்கொண்டிருப்பதற்குத் தீர்வாக 2024-இல் தமிழக அரசு வெளியிட்ட புதுப்பிப்புக் கொள்கையையும் வரிவரியாகப் படித்துக் காட்டினார்கள்.

தண்ணீருக்கு ஒதுக்கியதோ அரை மணி நேரம். பாபநாசம் நீர்மின் நிலையத்தில் மின்சாரம் எடுத்தபின் வரும் தண்ணீர்தான் கீழே கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களுக்கும் பாய்கிறது. மின் தேவைக்காகத் திறப்பதா, வயலுக்காகத் திறப்பதா என்ற கேள்வி தாமிரபரணிக் கரையில் எழாமல் இருக்குமா? அதை எழுப்பிய மானூர் விவசாயிக்கு, நேரமாகிவிட்டது என்பதே பதிலாகக் கிடைத்தது. கொடுத்த கையேடும் முழுக்க ஆங்கிலத்தில் இருந்ததால், அவர் அதைப் பிரிக்காமலே பைக்குள் வைத்துக்கொண்டார். மதியச் சொதி மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

தமிழில் கையேடு கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அடுத்த வகுப்புக்குப் போகிறவர்கள் ஓராண்டின் ஆறு ரசீதுகளையும் எடுத்துச் செல்லுங்கள்; சித்திரை வெயில் மாத ரசீதை மட்டும் கொண்டுபோன எனக்குக் கணக்கு பாதியிலேயே நின்றுவிட்டது.